பொட்டாசியம் 8.9 – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) முடித்து ஆறு வருடமாக ஒரு தனியார் மருத்துவமனை லேபில் இருக்கிறேன். புது அனலைசர் வந்தபிறகு பட்டன் அமுக்குவதுதான் எங்கள் வேலை. ஏஐ வந்தால் அதுவும் போய்விடும் என்கிறார்கள். எம்.பி.ஏ. படித்தால் தலைமைப் பொறுப்புக்குப் போகலாம் என்று அண்ணன் சொல்கிறார். இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா? ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் உரிமைகூட இல்லாத வெறும் டெக்னீஷியன் தலைமையைப் பற்றி யோசிக்கலாமா? மெஷினையும் நம்ப முடியவில்லை. போன வாரம் வார்டிலிருந்து வந்த ஒரு சாம்பிளில் பொட்டாசியம் 8.9, கால்சியம் 4.4, ஏ.எல்.பி. 12, கிரியாட்டினின் 0.9. மறுபடி ஓட்டினேன், அதேதான் வந்தது. ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். டாக்டர் போனில் கத்தினார். இன்ஜினியரை வரச்சொல்லியிருக்கிறோம்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கேள்விகளைவிட, கடைசியில் போகிறபோக்கில் எழுதிய நாலு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆய்வகத்தில் ஓர் எண்ணை நிறுத்திவைக்கும் துணிவு யாருக்கு இருக்கிறது என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இன்ஜினியரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெஷின் இரண்டு முறையும் சரியாகவே அளந்திருக்கிறது. அந்த டியூபில் இருந்ததன் பொட்டாசியம் 8.9 தான். நோயாளியின் உடம்பில் ஓடுவது வேறு. ஊதா டியூப் ரத்தம் அதில் கலந்திருக்கிறது.

ஊதா மூடி டியூபுக்குள் பூசியிருப்பது இடிடிஏ என்ற வேதிப்பொருளின் பொட்டாசியம் உப்பு. இடிடிஏ கால்சியத்தைக் கவ்விக்கொள்வதால்தான் அதில் ரத்தம் உறைவதில்லை. மக்னீசியத்தையும் துத்தநாகத்தையும்கூட அது விடாது. அவை இரண்டும் இல்லாமல் ஏ.எல்.பி. நொதி வேலை செய்யாது. அதனால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் விழும், ஏ.எல்.பி. தரையைத் தொடும். நீங்கள் எழுதிய எண்களைத் திரும்பப் படியுங்கள். மூன்றும் அப்படியே இருக்கின்றன. வார்டில் பெரும்பாலும் இப்படி நடந்திருக்கும்: சிரிஞ்சில் எடுத்து முதலில் ஊதா டியூபை நிரப்பியிருப்பார்கள், ரத்தத்தை உறையவிட்டுச் சீரம் பிரிக்கும் சிவப்பு டியூபுக்கு ரத்தம் போதாமல் ஊதாவைத் திறந்து அதிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருப்பார்கள். நோயாளியை இன்னொரு முறை குத்த மனம் வராத யாரோ செய்தது, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

அதே டியூபை நூறு தடவை ஓட்டினாலும் அதே எண்தான் வரும். ஆறு வருட அனுபவம் உள்ளவருக்கு இது தோன்றவில்லை என்பதில் எனக்குக் கோபம்தான். அந்த 8.9ஐ நம்பி ஒரு பயிற்சி மருத்துவர் நடுராத்திரியில் பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றியிருந்தால், உண்மையில் 4 இருந்த பொட்டாசியம் எங்கே போய் நின்றிருக்கும்? டாக்டர் கத்தியது நல்லதாகப் போயிற்று. அவர் எண்ணை நம்பவில்லை.

பொட்டாசியம் ஏறிவந்தால் முதலில் டியூபைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது, செல்லுக்குள் இருக்கும் எல்.டி.எச்., ஏ.எஸ்.டி. நொதிகள் இரண்டும் கூடவே ஏறும், ஆனால் கால்சியம் இப்படி விழாது. சிவப்பு டியூபில் கட்டி சரியாக விழவில்லை என்றால் இடிடிஏ கலந்திருக்கலாம். பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்த ரத்தமா என்று கேளுங்கள். குளிரில் செல்லின் பம்ப் நின்றுபோய்ப் பொட்டாசியம் வெளியே கசியும், சீரம் தெளிவாகவே இருக்கும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கையைக் கட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டு, முஷ்டியை மூடி மூடித் திறக்கச் சொன்னாலும் ஏறும். சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொட்டாசியம் ஏறுவதும் கால்சியம் இறங்குவதும் நிஜமாகவே சேர்ந்து வரலாம், அதை மறக்கக்கூடாது. ஆனால் அவருக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.9 இருக்காது. நேற்றைய ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். அப்புறம் வார்டுக்கு போன் செய்து நோயாளி எப்படி இருக்கிறார், ஈ.சி.ஜி. எடுத்தார்களா என்று கேட்டுவிட்டு, புது சாம்பிள் கேளுங்கள். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்.

தலைமை என்று நான் சொல்வது இந்த ஐந்து நிமிடத்தைத்தான். 'இந்த எண் வெளியே போகாது' என்று சொல்லி, ஏன் என்று டாக்டருக்கும் நர்ஸுக்கும் விளக்கி, அடுத்த சாம்பிள் சரியாக வரும்படி செய்வது. அதற்குத் தனி அறையோ பெயர்ப்பலகையோ வேண்டாம்.

கையெழுத்துச் சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. நோயியலில் முதுநிலை படித்த, பதிவுபெற்ற மருத்துவரே மேலொப்பமிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியாயிற்று. அவர் பார்ப்பது தாளை. டியூபைப் பார்ப்பது நீங்கள். உங்கள் தொழிலுக்குத் தனி ஆணையமும் மாநில மன்றங்களும் பதிவேடும் வேண்டும் என்று 2021இல் சட்டமே வந்துவிட்டது. அதன் அட்டவணையில் மருத்துவ ஆய்வகத் துறைக்கு இடம் இருக்கிறது. நீங்கள் இன்னும் 'வெறும் டெக்னீஷியன்' என்று எழுதுகிறீர்கள். அந்த 'வெறும்' என்ற சொல்லை யார் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், அம்மா?

ஏஐ பற்றியும் நீட்டமாட்டேன். தானாக ரிப்போர்ட் வெளியிடும் மென்பொருள் இப்போதே இருக்கிறது. எதை விடலாம், எங்கே நிறுத்தலாம் என்ற விதியை யாரோ ஒருவர் அதற்கு எழுதித்தர வேண்டும். பொட்டாசியம் 6க்கு மேல், கால்சியம் 7க்குக் கீழ் இரண்டும் சேர்ந்து வந்தால் பிடித்துவை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போன வாரச் சாம்பிள் நின்றிருக்கும். அந்த வரியை எழுதப் பழகுங்கள்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. காலையில் கன்ட்ரோல், அதாவது மதிப்பு முன்பே தெரிந்த சோதனைச் சாம்பிள், வரம்புக்கு வெளியே விழுந்தால் என்ன செய்கிறீர்கள்? உள்ளே விழும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுகிறீர்களா? பல இடங்களில் நடப்பது அதுதான். கன்ட்ரோல் எண்களைப் புள்ளிகளாகக் குறிக்கும் லெவி-ஜென்னிங்ஸ் வரைபடம் 1950லேயே வந்துவிட்டது, அந்தப் புள்ளிகளை எப்படிப் படிப்பது என்று சொல்லும் வெஸ்ட்கார்ட் விதிகள் 1981இல். ஒரு புள்ளி சராசரியிலிருந்து 3 எஸ்.டி.யை (திட்ட விலக்கம்) தாண்டினாலோ, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் ஒரே பக்கம் 2 எஸ்.டி.யைத் தாண்டினாலோ நோயாளி சாம்பிளை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். ரீஏஜென்ட் லாட் மாறியதா, காலிபிரேஷன் எப்போது நடந்தது, கன்ட்ரோல் குப்பியைக் கரைத்து எத்தனை நாள் ஆயிற்று? எதையும் பார்க்காமல் திரும்ப ஓட்டும் கைதான் 8.9ஐயும் திரும்ப ஓட்டியது.

நாளைக்கே ஒரு நீளநோட்டு வாங்குங்கள். திருப்பி அனுப்பும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் தேதி, வார்டு, டியூப், காரணம், யாரிடம் பேசினீர்கள், புது சாம்பிள் வந்த நேரம், புது எண். காரணங்கள் தானாக வந்து நிற்கும்: கட்டி விழுந்த ஊதா, ட்ரிப் ஓடும் கையில் எடுத்தது, லேபிள் இல்லாதது, நிரப்பும் கோட்டுக்குக் கீழே நின்ற நீல மூடி டியூப். அந்த நீலத்தில் உறைவைத் தடுக்கும் 0.3 மில்லி சிட்ரேட்டுக்கு 2.7 மில்லி ரத்தம் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பொய்யாக ஏறும், உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை யாரோ குறைத்துவிடுவார்கள். மாதக் கடைசியில் எந்த வார்டு அதிகம் என்று பார்த்து, நீங்களே அங்கே போங்கள். குறைசொல்லப் போகாதீர்கள். ப்ளட் கல்ச்சர், நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல் என்று டியூப்களை நிரப்பும் வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதி ஊசி ட்ரேக்கு மேலே ஒட்டுங்கள். ஊதாவிலிருந்து சிவப்புக்கு ஊற்றினால் என்ன ஆகும் என்று அந்த 8.9 ரிப்போர்ட்டையே காட்டிச் சொல்லுங்கள்.

எம்.பி.ஏ. விஷயம் உங்கள் வசதி. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டில் உள்ள எண்களோடு எனக்கு எழுதுங்கள்.