பெரிய முடிவுகளுக்கு முன் கடவுளிடம் உத்தரவு கேட்பது உண்டா? உங்கள் அனுபவம் என்ன?

உண்டு. ஆனால் ஒழுங்காகக் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதற்கு முன் கேட்டதெல்லாம் கணக்கில் சேராது.

திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்க்காமல் பெரிய காரியம் எதுவும் நடந்ததில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே அளவில், உள்ளே இருப்பது தெரியாதபடி இலையில் சுற்றி நூல் கட்டி, தெருமுனை அம்மன் காலடியில் வைப்போம். அங்கே நிற்கும் சின்னக் குழந்தை எதையாவது கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். அக்காவின் கல்யாணம், அப்பாவின் கண் அறுவை சிகிச்சை எல்லாம் அப்படி முடிவானவைதான்.

2012-ல் மணலி புதுநகர்ப் பக்கம் அரை கிரவுண்ட் மனை ஒன்று விலைக்கு வந்தது. பார்த்த அன்றே வாசல் எந்தப் பக்கம், சமையலறை எந்தப் பக்கம் என்று மனதுக்குள் கோடு போட்டுவிட்டேன். முன்பணமும் கொடுத்தாயிற்று. பிறகுதான் ஒரு வெள்ளிக்கிழமை பூக்கட்டப் போனேன். சிவப்பு வந்தது. குழந்தை அவசரத்தில் எடுத்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கட்டினேன். வெள்ளை! வீட்டுக்கு வந்து அந்த வெள்ளையை மட்டும் சொன்னேன்.

2015 டிசம்பரில் பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் வந்தபோது, எண்ணூர்க் கடலுக்குப் போகும் வழியில் எங்கள் புது வீட்டுக்குள்ளும் நுழைந்து பார்த்துவிட்டுப் போனது. பீரோ, கட்டில், கட்டிய கடனுக்கான ரசீதுகள், எல்லாம் போயின. ஆத்திரத்தில் அம்மாவிடம், "உன் அம்மன் சொல்லித்தானே வாங்கினேன்?" என்றேன். அம்மா நிதானமாகச் சொன்னாள்: "வாங்கலாமா என்றுதானே கேட்டாய்? தண்ணீர் வருமா என்று கேட்டாயா?"

முதல் வெள்ளிக்கிழமையைப் பற்றி அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்காக அந்தச் சிவப்பு அரளிக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று வாதாட வரவில்லை. இரண்டு பொட்டலத்தில் ஒன்று எப்படியும் வரத்தான் செய்யும். அந்தப் பகுதி டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்திருந்தால், மழைக்காலத்தில் எதுவரை தண்ணீர் நிற்கும் என்று யாராவது சுவரில் கை வைத்தே காட்டியிருப்பார்கள். பத்திரத்தில் வில்லங்கம் உண்டா என்பதைப் பதிவு அலுவலகம் சொல்லும். அதையெல்லாம் அம்மன் தலையில் கட்டுவது பக்தியில்லை, சோம்பேறித்தனம்.

எங்கள் ஊர்த் தியாகராஜர் கோயிலில் மகிழ மரம் ஒன்று இருக்கிறது. மாசிப் பெருவிழாவில் அங்கே மகிழடி சேவை நடக்கும். சின்ன வயதிலிருந்து சுண்டலுக்காகப் போன விழா. கதை பிற்பாடுதான் உறைத்தது. பெரியபுராணத்தில் வருவதுதான். எங்கள் ஊரில் இருந்த சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், 'உன்னைப் பிரியேன்' என்று சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. திருவாரூரை விட்டு நிரந்தரமாக இருக்க அவருக்கு மனமில்லை. எனவே முன்கூட்டியே சிவனிடம் போய், சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் சன்னதியை விட்டு மகிழ மரத்தடியில் போய் இரும் என்று கேட்டுக்கொண்டார். சிவனும் சரி என்றார். ஆனால் சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்! சுந்தரர் மாட்டிக்கொண்டார். பின்னாளில் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணொளி போயிற்று. ஒரு கண் காஞ்சியிலும் மறு கண் திருவாரூரிலும்தான் திரும்பக் கிடைத்தது.

சிவனின் தோழர், 'தம்பிரான் தோழர்' என்று பெயர் பெற்ற சுந்தரரே அப்படியென்றால் நான் எம்மாத்திரம்? இரண்டாவது வெள்ளிக்கிழமை நான் செய்ததும் அதேதான். கொஞ்சம் தள்ளி நில் தாயே, நான் முடிவு செய்தாயிற்று.

ராயபுரத்து நண்பர் ஒருவர் தங்கள் வழக்கத்தைச் சொன்னார். இஸ்திகாரா என்று பெயர். இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுதுவிட்டு, இந்தக் காரியம் நல்லது என்றால் எளிதாக்கு, கெட்டது என்றால் என்னை விட்டு அதைத் திருப்பு, எது நல்லதோ அதில் எனக்குத் திருப்தியைக் கொடு என்று வேண்டுவார்களாம். "கனவு வருமா?" என்று கேட்டேன். "வர வேண்டும் என்று கட்டாயமில்லை பாய், நாங்கள் அடையாளம் கேட்பதில்லையே" என்றார். (என்னையும் பாய் என்றுதான் கூப்பிடுவார்.) கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. திருப்தியைக் கேட்பது எங்கள் பொட்டலத்தில் கிடையாது.

2019-ல் மஸ்கட்டில் வேலை வந்தது. இங்கே வாங்குவதைப் போல் இரண்டு மடங்குச் சம்பளம். அம்மாவுக்கு அப்போது சர்க்கரை ஏறி, காலில் புண். இந்த முறை ஒருவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. மனைவியோடு உட்கார்ந்து கடன் கணக்கு முழுவதையும் எழுதினேன். மருத்துவரிடம் பேசினேன். போகலாம், இருக்கலாம் இரண்டுக்கும் நியாயம் சமமாக நின்ற பிறகுதான் கோயிலுக்குப் போய் மகிழ மரத்தடியில் உட்கார்ந்தேன். எது வந்தாலும் சரி என்று முதல் முறையாக உண்மையாகவே தோன்றியது. மணி அடிக்கவில்லை, பல்லி கத்தவில்லை. எழுந்தபோது போவதில்லை என்பது தெளிவாக இருந்தது. அது உத்தரவா, என் பயமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வருத்தம் மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பூ என்ன வந்தது?" என்றாள். கட்டவில்லை என்றேன். மறுநாள் காலை, புண் காலோடு தெருமுனை வரை தனியாகப் போய்விட்டு வந்தாள். என்ன வந்தது என்று பலமுறை கேட்டுவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.