விடுதியில் வைஃபை சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் இரவானால் எதுவும் திறப்பதில்லை. ஏன்?

ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அதிகம் வந்த புகார் இதுதான். வெளியிலிருந்து வரும் லைன் போதவில்லை என்றே எல்லோரும் நினைப்பார்கள். நான் பார்த்தவரை சிக்கல் பெரும்பாலும் விடுதிக்குள்ளேயேதான் இருந்தது.

அந்தச் சிக்னல் கோடுகள், அக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலை அனுப்பும் பெட்டி) பேசுவது உங்கள் போனுக்கு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. நீங்கள் பேச முறை எப்போது கிடைக்கும் என்பதைச் சொல்வதில்லை. ஒரு சேனலில், அதாவது ஒரு அலைவரிசையில், ஒரு சமயத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றதெல்லாம் காத்திருக்க வேண்டும். இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வருவதால் இந்தக் காத்திருப்பு நீளும். மூலை அறையில் சிக்னல் மங்கிய போன் ஒன்று இருந்தால், அதே அளவு தகவலை அனுப்ப அது கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் நல்ல சிக்னலோடு இருப்பவரும் சேர்ந்து காத்துக் கிடப்பார்.

வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அக்சஸ் பாயின்ட்டுகளுக்கு இவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்து வைத்திருப்போம். அப்புறம் அறைக்கு அறை சொந்த ரவுட்டர் முளைக்கும். ஒருமுறை மூன்றாம் மாடி வராந்தாவில் நின்று ஸ்கேன் செய்தால் முப்பதுக்கு மேல் வைஃபை பெயர்கள். எங்களுடையவை நான்குதான்.

அன்று அந்த மாடியில் பாதிப் பேருக்கு இணையமே இல்லை. ஒரு மாணவரின் லேப்டாப்பை வாங்கிப் பார்த்தேன். அதன் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவிக்குக் கிடைக்கும் எண்), வீட்டு ரவுட்டர்கள் வழக்கமாகக் கொடுப்பதுபோல 192.168.1 என்று தொடங்கியது. எங்கள் முகவரிகள் எல்லாம் 10 என்று தொடங்கும். சரி, யாரோ ரவுட்டரைத் தப்பாக மாட்டியிருக்கிறார்கள் என்று புரிந்தது. அறை அறையாகத் தட்டினோம். ஓர் அறையில், சுவரிலிருந்து வரும் கேபிள் ரவுட்டரில் வெளி இணைப்புக்கான வான் (WAN) போர்ட்டுக்குப் பதிலாக, உள்ளே கருவிகளை இணைப்பதற்கான லேன் (LAN) போர்ட்டில் செருகியிருந்தது. ஐபி முகவரிகளைக் கொடுக்கும் எங்கள் டிஹெச்சிபி சர்வரை முந்திக்கொண்டு அந்த ரவுட்டரே மாடிக்கெல்லாம் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. அறைகளின் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சில், வேறு கருவிகள் முகவரி கொடுப்பதைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதியைப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. போடாதது எங்கள் தவறு. மறுநாள் காலை ஆன்லைன் தேர்வு இருந்ததால்தான் அந்தப் பையன் ரவுட்டரே வாங்கியிருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சுவர் போர்ட்டிலிருந்து நேராக லேப்டாப்புக்கு ஒரு கேபிள் போட்டுக் கொடுத்தேன்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அறைச் சுவரில் லேன் போர்ட் இருந்தால் லேப்டாப்பைக் கேபிளில் இணையுங்கள். இல்லையென்றால் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், அங்கே சேனல்கள் நிறைய. சொந்த ரவுட்டர் மட்டும் வேண்டாம்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் புகார் கொடுங்கள், ஆனால் விவரத்தோடு கொடுங்கள். "நெட் வரவில்லை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எங்கே போய்த் தேடுவது? எந்த அறை, எத்தனை மணிக்கு, உங்கள் ஐபி முகவரி என்ன, பக்கத்து அறையிலும் இப்படித்தானா என்று எழுதுங்கள். ஒரு மாணவி நான்கு நாள் இரவும் மணி போட்டு எழுதி அனுப்பியிருந்தார். அதை வைத்து அந்த மாடியின் அக்சஸ் பாயின்ட்டைச் சோதித்தோம். நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் ஓட வேண்டியது 100 மெகாபிட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கிகாபிட் வேகத்துக்கு அதன் கேபிளில் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், அதில் ஒரு ஜோடி அறுந்திருந்தது. கேபிளை மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.