ஒன்பதாம் வகுப்புக்கு வாழ்க்கைத் திறன் வகுப்பு எடுப்பதால் பிள்ளைகளுக்கு மன உறுதி வருமா?

கேட்டிருப்பவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியராக இருக்க வேண்டும். பத்து வருடம் ஆனவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. அந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரை வார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். எங்கள் பள்ளியில் அந்தக் கணக்கு ஆசிரியர் நான்தான்.

ஒரு வருடம் பொறுப்பையே என் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டு நாள் பயிற்சி, ஒரு கையேடு. உலக சுகாதார நிறுவனம் தொகுத்த 10 திறன்களையும் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: தன்னை அறிதல், பிறர் நிலை உணர்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல், இப்படி. அடுத்த வாரம் 38 பேரும் வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு 'சிக்கலைத் தீர்த்தல்' வந்தது. உங்களுக்கு இருக்கும் சிக்கல் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், கையேட்டில் இருந்த தேர்வு பயத்தையே எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். காலி சாக்பீஸ் பெட்டி ஒன்றை மேசையில் வைத்து, பெயர் போடாமல் எழுதிப் போடச் சொன்னேன். (ஆறு மாதம் நோட்டுத் திருத்தியவனுக்குக் கையெழுத்து தெரியாதா? அது இன்னும் உறுத்துகிறது.) 11 சீட்டுகளில் ஒரே விஷயம். பெண்கள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு சீட்டில், "காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சமாளித்துவிடலாம் சார்" என்று எழுதியிருந்தது.

சமாளித்தல் நான் சார்ட்டில் எழுதிப்போட்ட சொல். அந்தப் பள்ளியில் அப்போது எனக்கு ஏழாவது வருடம்.

மாணவிகளே தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதினார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு எல்லாம் தமிழய்யா சொல்லிக்கொடுத்தபடியே இருந்தன. 'தாழ்பாள்' என்று எழுதியதில் ஒரு 'ப்' சேர்த்தது மட்டும்தான் என் பங்கு. தலைமையாசிரியர் என்னை அழைத்து, "பாடம் நடத்தச் சொன்னால் மனுப் போடக் கற்றுக்கொடுக்கிறீர்களா?" என்றார். ஆனாலும் பத்து நாளில் தாழ்ப்பாள் வந்துவிட்டது. அவரையும் குறை சொல்வதற்கில்லை. யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

இது பராமரிப்பு வேலை, இதில் மன உறுதி எங்கே வந்தது என்று கேட்கப்போகிறவர்களுக்கு: எட்டுப் பாடவேளை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நான் இன்னும் என்ன உறுதியைக் கற்றுக்கொடுப்பது? நான் உளவியல் படித்தவன் அல்லன். பாடமே வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பீகாரில் நாலந்தா மாவட்டத்தின் 74 பள்ளிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பயிற்சி பெற்ற வெளி ஆலோசகர் ஒருவர் பள்ளிக்கு வந்து மாணவர் நலத் திட்டம் ஒன்றை நடத்திய இடங்களில், எட்டு மாதத்தில் மனச்சோர்வும் மாணவர்கள் ஒருவரையொருவர் சீண்டுவதும் குறைந்திருந்தன. அதே திட்டத்தை ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் பலன் இல்லை. படித்தபோது சுருக்கென்றது. யோசித்தால், மதிப்பெண் போடும் பேனாவோடு நிற்பவனிடம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? அந்தத் திட்டத்திலும் மாணவர்கள் எழுதிப் போட ஒரு பெட்டி இருந்ததாம். அந்த மட்டில் ஆறுதல்.

எங்களுக்கு நேரம் எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பு நடந்ததற்குப் புகைப்படம் எடுத்து ஏற்ற வேண்டும்; பிள்ளைகள் சிரித்தபடி இருக்க வேண்டும், பின்னால் சார்ட் தெரிய வேண்டும். சிக்னல் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதிலேயே பாதிப் பாடவேளை போன நாள்கள் உண்டு. இதைக் கேட்கத்தான் ஆளில்லை.

உங்களுக்கு என் யோசனை, பெட்டி வையுங்கள். வீட்டில் அடி, தொந்தரவு என்று வரும் சீட்டுகளை வகுப்பில் படித்துவிடாதீர்கள்; அவற்றுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, தயங்காமல் அழையுங்கள்.

என் மேசையில் பெட்டி இப்போதும் இருக்கிறது. போன வாரம் வந்த சீட்டுகளில் மூன்று என்னைப் பற்றியவை. வாழ்க்கைத் திறன் பாடவேளையில் சார் கணக்கு நடத்துகிறாராம்.