பெயின்ட்டில் எத்தனை சொட்டு, எதைக் கலப்பது: மினியேச்சர் கேள்வி பதில்

28 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு அக்ரிலிக் பெயின்ட்டைக் கரைப்பது பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வெறும் தண்ணீர் போதாதா? மீடியம், தின்னர் என்று எதற்கு இத்தனை பாட்டில்?

முக்கால்வாசி வேலைக்குத் தண்ணீரே போதும். வயேஹோ கம்பெனியின் மாடல் கலர் பெயின்ட் என்றால் ஒரு சொட்டுக்கு ஒரு சொட்டு தண்ணீர் என்று ஆரம்பியுங்கள். பெயின்ட்டில் இருப்பது நிறப்பொடி, அதைப் பிடித்து வைக்கும் அக்ரிலிக் பசை, தண்ணீர், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்ற ஊற்ற பசையும் நீர்த்துப் போகும், ஒரு அளவைத் தாண்டினால் காய்ந்த பிறகு விரலால் தேய்த்தாலே நிறம் பொடியாக வரும். மீடியம் என்பது நிறம் போடாத பெயின்ட் மாதிரி. அதைச் சேர்த்தால் நிறம் மட்டும் மெலியும், பிடிப்பு போகாது. அதனால் பேஸ் கோட்டுக்கு, அதாவது நிறத்தின் முதல் பூச்சுக்கு, தண்ணீர்; கீழ் நிறம் தெரியும்படி மெல்லிசாகப் போடும் கிளேஸுக்குக் கொஞ்சம் மீடியமும் தண்ணீரும்.

கேள்வி: "பால் பதம்" என்கிறார்களே, எந்தப் பால்?

நல்ல கேள்வி. பாக்கெட் பாலா, டீக்கடையில் தண்ணீர் கலந்த பாலா என்று யாரும் சொல்வதில்லை! கட்டை விரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பிரஷ் தடம் வரிவரியாக நின்றால் கெட்டி, நகத்தின் ஓரத்துக்கு ஓடிவிட்டால் தண்ணி. போட்ட இடத்தில் நின்று, லேசாக நகம் தெரிந்தால் சரி. ஒரே பூச்சில் மூடவேண்டும் என்று நினைக்காதீர்கள், இரண்டு மூன்று பூச்சு ஆகும்.

கேள்வி: மேலங்கியில் பூசினால் முத்து முத்தாக ஒதுங்குகிறது, காய்ந்ததும் ஓரத்தில் காபி டம்ளர் தடம் மாதிரி வளையம். ஃப்ளோ இம்ப்ரூவர் வாங்கலாமா?

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. முத்து கட்டுவது பெரும்பாலும் பொம்மை மேல் இருக்கும் எண்ணெய்ப் பசையால், பொம்மையை வார்த்த அச்சிலிருந்து வந்ததாக இருக்கலாம், உங்கள் விரலாகவும் இருக்கலாம். பிரைமர், அதாவது பெயின்ட் பிடிக்க முதலில் போடும் அடிப்பூச்சு, அடிப்பதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வளையம் வருவது பிரஷ்ஷில் பெயின்ட் அதிகம் என்பதால், தோய்த்ததும் டிஷ்யூவில் ஒரு தரம் ஒற்றுங்கள். அதற்கு அப்புறமும் சரியாகப் பரவவில்லை என்றால்தான் ஃப்ளோ இம்ப்ரூவர். அது தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும், பசை எதையும் சேர்க்காது. லிக்விடெக்ஸ் கம்பெனியின் இம்ப்ரூவரான ஃப்ளோ எய்டை, ஒரு பங்குக்கு 10 முதல் 20 பங்கு தண்ணீரில் கலந்து வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரால்தான் பெயின்ட்டைக் கரைக்கவேண்டும். நான் முதல் தடவை நேராகப் பெயின்ட்டிலேயே இரண்டு சொட்டு விட்டேன். சிவப்பு மேலங்கி மடிப்பில் நிற்காமல் வழிந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைந்த முகத்தில் போய் இறங்கியது.

கேள்வி: பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டால் அதே வேலை செய்யாதா?

செய்யும், நுரையும் வரும். குமிழி உடைந்த இடத்தில் ஊசித் துளை மாதிரி நிற்கும். அவசரத்துக்கு ஒரு தரம் என்றால் சரி, பழக்கமாக வேண்டாம்.

கேள்வி: ஃபேன் போட்டால் பேலட்டிலேயே காய்ந்துவிடுகிறது. ரிட்டார்டர்?

முதலில் வெட் பேலட். மூடி உள்ள டப்பா, ஈர ஸ்பாஞ்ச், அதன் மேல் கேக் பேக் செய்யும் பார்ச்மென்ட் பேப்பர். மெழுகு பூசிய பேப்பர் வேண்டாம், ஈரம் மேலே வராது. ரிட்டார்டர் உலர்வதைத் தள்ளிப்போடும், பெயின்ட்டை நீர்க்க வைப்பது அதன் வேலை இல்லை. நிறத்தை நிறத்தோடு ஈரமாக இழைக்கும்போது மட்டும் கொஞ்சம் போதும். கோல்டன் கம்பெனியே தன் ரிட்டார்டரை 15 சதவீதத்துக்கு மேல் கலக்காதே என்கிறது. கூடினால் பிசுபிசுவென்று இருக்கும், அடுத்த கோட் போடும்போது கீழே உள்ளது கிளம்பி வரும். "கீழ்ப்பூச்சு உரிகிறது" என்று கேட்டிருந்த இன்னொருவருக்கும் இதே பதில்தான், அநேகமாக.

கேள்வி: டாமியா பெயின்ட்டையும் வயேஹோவையும் கலக்கலாமா?

வேண்டாம். டாமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் உண்டு, அதன் எக்ஸ்-20ஏ தின்னரும் அப்படித்தான். வயேஹோவில் ஊற்றினால் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகி, பிரஷ்ஷில் ரப்பர் மாதிரி ஒட்டிக்கொள்ளும். காற்றால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷுக்குள் நடந்தால் அன்றைக்கு வேறு வேலை கிடையாது, ஊசியைக் கழற்றிக் கழுவிக்கொண்டே இருக்கலாம்.

கேள்வி: சிடடெல் கான்ட்ராஸ்ட்டைத் தண்ணீரில் கரைக்கலாமா?

கான்ட்ராஸ்ட் என்பது ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் காட்டும் பெயின்ட், தண்ணீர் ஊற்றினால் திட்டுத் திட்டாகும். அதற்கென்றே கான்ட்ராஸ்ட் மீடியம் இருக்கிறது, அதை ஊற்றுங்கள்.

கேள்வி: வீட்டில் போர் தண்ணீர்தான், உப்பு. பரவாயில்லையா?

அடர்ந்த பூச்சில் தெரியாது. கிளேஸ் போட்டால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கலாம். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். கடையில் பேட்டரி ஆசிட்டும் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள், லேபிளைப் பார்த்து எடுங்கள்.