பத்து நிமிடத்துக்கு ஒருவர்

கேள்வி: ஒரே மருத்துவர் பார்க்கும் சிறிய கிளினிக்கில் வரவேற்பு மேசையில் பணிபுரிகிறேன். காலை 9 மணி முதல் 1 மணி வரை, பத்து நிமிடத்துக்கு ஒருவர் வீதம் 24 பேருக்கு நேரம் கொடுக்கிறேன். டாக்டர் 9.15-க்குத்தான் பார்க்கத் தொடங்குவார். 24 பேரும் வந்துவிடும் நாளில் கடைசி நோயாளி வெளியே வரும்போது மணி 2.15. காத்திருப்பவர்கள் என்னிடம்தான் சத்தம் போடுகிறார்கள். டாக்டரோ, சில நாள் ஒருவர் இருவர் வராமல் போவதால், ஒரே நேரத்துக்கு இரண்டு பேரைப் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது. 9.15-லிருந்து 2.15 வரை 300 நிமிடம்; அதில் 24 பேர் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டரை நிமிடம். நீங்கள் ஒதுக்குவது பத்து. ஆக, ஒன்றேகால் மணி நேரத் தாமதத்தில் கால் மணி டாக்டர் தொடங்கும்போதே வந்துவிட்டது. மீதி ஒரு மணி நேரம் இரண்டரை இரண்டரை நிமிடமாகச் சேர்ந்தது. 11 மணிக்கு வரச் சொன்னவர் உங்கள் பட்டியலில் 13-வது ஆள், அவர் 11.45-க்குத்தான் உள்ளே போக முடியும் என்பது காலையிலேயே முடிவாகிவிட்ட விஷயம்.

சராசரியும் முழு உண்மையைச் சொல்லாது. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில், ஒவ்வொருவரும் எதற்காக வந்தார், எப்போது உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று குறித்து வையுங்கள். ரிப்போர்ட் காட்ட வந்தவர் ஆறு நிமிடத்தில் எழுந்துவிடுவார். முதன்முறை வருபவருக்கு இருபது நிமிடம்கூட ஆகும். எல்லாம் முடிந்து கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி "இன்னொன்று, டாக்டர்" என்று திரும்புபவர்கள் தனி ரகம். (அந்த இன்னொன்றுதான் பல சமயம் வந்ததற்கான உண்மைக் காரணம் என்பதால், அவர்களைக் கடிந்துகொள்வதும் நியாயமில்லை.) ஒருவர் சீக்கிரம் முடித்து மிச்சமாகும் ஐந்து நிமிடம், அடுத்தவர் இன்னும் வந்து சேராவிட்டால் வீணாகப் போகும், ஒருவர் கூடுதலாக எடுத்துக்கொண்ட ஐந்து நிமிடமோ, இடையில் வெற்றிடமே இல்லாத பட்டியலில் கடைசி ஆள் வரை கூடவே வரும்.

ஆகவே, நேரம் கேட்டுப் போன் வரும்போதே, புதிய தொந்தரவா, மறுபார்வையா, ரிப்போர்ட் காட்டவா என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரில் கேட்பதானால் அடுத்த நாற்காலிக்குக் கேட்காத குரலில் கேளுங்கள். அதற்கு மேல் விவரம் உங்களுக்குத் தேவையில்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று யாராவது சொன்னால் மட்டும் அது அப்பாயின்ட்மென்ட் விஷயமே அல்ல, உடனே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். புதியவருக்கு 20 நிமிடம், மற்றவர்களுக்கு 10 என்று வைத்து, 10.40-க்கு ஒன்றும் 11.50-க்கு ஒன்றும் யாருக்கும் கொடுக்காமல் விடுங்கள். அவசரமாக வருபவர் அங்கே நுழைவார். எவரும் வராவிட்டால் தாமதம் அங்கே கரையும்.

இருவரைச் சேர்த்துப் போட ஓர் இடம் உண்டு. 1952-ல் பிரிட்டனில் நார்மன் பெய்லி என்ற புள்ளியியலாளர், மருத்துவமனைப் புறநோயாளிகளின் காத்திருப்பை ஆராய்ந்து, முதல் நேரத்துக்கு மட்டும் இருவரை வரவழைத்து, பிறகு சராசரிப் பார்வை நேரத்துக்கு ஒருவராக அழைக்கலாம் என்றார். முதலாமவர் வராவிட்டாலும் மருத்துவர் சும்மா இருக்க நேராது. நாள் முழுவதும் இரட்டையாகப் போட்டால், இருவரும் வந்துவிடும் நாளில் மேசைக்கு முன்னால் நிற்கப்போவது நீங்கள்தான். வராதவர்களைக் குறைக்க, முந்தைய நாளே நினைவூட்டுங்கள். பல வாரங்களுக்கு முன்பே நேரம் வாங்கியவர்களைக் கட்டாயம் அழையுங்கள், ஏனெனில் மறப்பவர்கள் அவர்களில்தான் அதிகம்.

டாக்டரிடம் இதைக் குறையாகச் சொல்லாமல், அந்த நோட்டைக் காட்டுங்கள். 24 பேரில் சிலரைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதை மறைக்காதீர்கள். இப்போதும் அந்தச் சிலரை அவர் 1 மணிக்குப் பிறகுதான் பார்க்கிறார். 9 மணிக்கு வர இயலாதென்றால் முதல் நேரத்தை 9.15 என்றே எழுதிவிடலாம்.

அதுவரை, தாமதம் இருபது நிமிடத்தைத் தாண்டியதும், இன்னும் வீட்டிலிருந்து கிளம்பாதவர்களைப் போனில் அழைத்துச் சொல்லிவிடுங்கள். அதிகம் சத்தம் போடுபவருக்கு உண்மையிலேயே வேலைக்குத் திரும்பும் அவசரம் இருக்கலாம். அடுத்த முறை அவருக்கு நாளின் முதல் நேரத்தைக் கொடுங்கள்.