சிங்கப்பூர்க் கல்லில் இருப்பது சோழர் எழுத்தா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: நம் ஆள்கள் இந்தப் பக்கம் எப்போது வந்தார்கள், அதற்கு என்ன அத்தாட்சி? அதனால் அவற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

"பள்ளியிலிருந்து அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போனார்கள். என் பேரன் வந்து, 'தாத்தா, சிங்கப்பூர்க் கல்லில் சோழர்கள் எழுதியிருக்கிறார்களாம்' என்கிறான். உண்மையா?" (தோ பாயோ)

பேரன் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளி எவ்வளவு என்று பார்ப்போம்.

1819-ல் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் காடு வெட்டிய ஆள்கள் கண்ணில்தான் அந்தப் பாறை முதலில் பட்டது. இன்று ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் நிற்கிறதே, அந்தப் பக்கம். ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம், அதில் ஐம்பது வரி எழுத்து. இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் பார்த்தார், ஆங்கிலேய அதிகாரி கிராஃபர்டு பார்த்தார், மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா பார்த்தார். எழுத்து தேய்ந்து போயிருந்ததால் யாராலும் படிக்க முடியவில்லை. 1830-களில் வில்லியம் பிளாண்டு என்பவர் மாவைப் பிசைந்து, ஒவ்வொரு எழுத்தின் மேலும் அழுத்தி, அச்சு எடுத்துப் பார்த்தார். வெயிலில் நின்றுகொண்டு ஒரு மனிதர் அவ்வளவு பொறுமையாக அந்தக் கல்லோடு மல்லுக்கட்டியதை நினைத்தால் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வருகிறது.

1843-ல் ஆற்று வாயை அகலப்படுத்த வேண்டும், கோட்டைக்கு இடம் வேண்டும் என்று வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி எழுத்துள்ள சில துண்டுகளை மீட்டுக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அதில் ஒன்றுதான் 1918 வாக்கில் திரும்பி வந்து, நம் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. ரொசெட்டாக் கல்லின் துணையோடு சாம்போலியோன் எகிப்திய எழுத்துக்கு வழி கண்டது 1822-ல். பழைய கல் எவ்வளவு பெரிய பொக்கிஷம் என்று உலகத்துக்கே தெரிந்து 21 ஆண்டுகள் ஆன பிறகு இங்கே வெடி வைத்திருக்கிறார்கள். வயிறு எரிகிறது.

சரி, எழுத்துக்கு வருவோம். அது தமிழ் எழுத்து இல்லை. பழைய ஜாவாவின் கவி எழுத்தை ஒத்தது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மொழி சமஸ்கிருதமாக இருக்கலாம், பழைய ஜாவா மொழியாகவும் இருக்கலாம். காலத்தைப் பத்தாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். 2019-ல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர், மிஞ்சிய துண்டில் 'கேசரிவ' என்ற எழுத்துகளைப் படிக்க முடிகிறது, அது 'பரகேசரிவர்மன்' என்ற சோழர் பட்டத்தின் நடுப்பகுதியாக இருக்கலாம் என்று எழுதினார். பேரன் கேட்டது அதைத்தான். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். முதலாம் ராஜேந்திரன் பரகேசரி.

நல்ல யோசனைதான். ஆனால் கையில் இருப்பது நாலு எழுத்து, அதுவும் தேய்ந்த எழுத்து. 'கேசரி' என்றால் சிங்கம். சிங்கபுரம் என்று பெயர் வாங்கிய ஊரில் சிங்கத்தைக் குறிக்கும் சொல் கல்லில் வர வேறு காரணங்களும் இருக்க முடியும். கவி எழுத்தே பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்ததுதான் என்பதையும் பேரனிடம் சொல்லுங்கள். சோழர் பெயர் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் கோடுகளின் வளைவு காஞ்சிபுரத்துக்குச் சொந்தம் கொண்டாடக் கூடியது.

"அப்படியென்றால் ராஜேந்திர சோழன் சிங்கப்பூரில் இறங்கவே இல்லையா? வாட்ஸ்அப்பில் வரைபடமெல்லாம் வருகிறதே!" (ஈசூன்)

வரைபடம் யார் வேண்டுமானாலும் போடலாம். ராஜேந்திரனே வெட்டச் சொன்ன வரிகளைப் பார்ப்போம். 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று தொடங்கி, 1025-ல் நடந்த படையெடுப்பை அவன் மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். இலாமுரி சுமத்ராவின் வடக்கு முனை, நக்கவாரம் நிக்கோபார், கடாரம் நம் பக்கத்துக் கெடா. இந்தப் பட்டியலில் தெமாசெக், அதாவது பழைய சிங்கப்பூர், இல்லை. அந்தப் பெயர் ஏடுகளில் தெளிவாகத் தென்படுவதே பதினான்காம் நூற்றாண்டில்தான். இன்னொன்று, 'கலம் செலுத்தி' என்றுதான் இருக்கிறது. மன்னன் தானே கப்பலேறினான் என்று அந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்ரீவிஜயத்தின் தலைநகரான பலெம்பாங் வரை போன கப்பல்கள் நம் தீவுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் ஒரு அடி வைக்கக் கல்வெட்டு இடம் தரவில்லை.

ஆனால் மலாய்க்காரர்கள் சோழனை மறக்கவில்லை என்பது எனக்கு இதைவிடப் பெரிய சங்கதி. செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று ஏட்டில் ராஜா சூலான் என்று ஒருவர் வருகிறார். சீனாவைப் பிடிக்கப் பெரும் படையோடு கிளம்பி, தெமாசெக் வரை வந்துவிடுகிறார். சீன அரசர் ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்து நிற்கும் மரங்களையும், பல் போன கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறார். 'சீனா எவ்வளவு தூரம்?' என்று சூலானின் ஆள்கள் கேட்க, கிழவர்கள் சொல்கிறார்கள்: 'கிளம்பும்போது நாங்கள் வாலிபர்கள். இந்த மரங்கள் விதையாக இருந்தன. இந்த ஊசிகள் கை கனத்துக்கு இரும்புக் கம்பியாக இருந்தன.' கேட்ட ராஜா சூலான் படையைத் திருப்பிவிடுகிறார். பிறகு கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்து கடலுக்கடியில் இறங்கி, அங்கே ஒரு ராஜகுமாரியை மணக்கிறார். அந்த வழியில் வந்தவர்தான் சிங்கபுரத்தை நிறுவிய சங் நீல உத்தமா.

கதைதான். ஆனாலும், படையெடுத்து வந்தவனின் பெயரை அறுநூறு ஆண்டுகள் ஞாபகம் வைத்து, அவனைத் தங்கள் ராஜ வம்சத்துக்கே பாட்டனாக்கிக்கொண்ட ஒரு மக்கள் கூட்டம் இருந்திருக்கிறது. அந்த வரைபடத்தை அனுப்பிய நண்பருக்கு இந்தக் கதையை அனுப்புங்கள்.

"தென்கிழக்காசியாவில் கிடைத்த மிகப் பழைய தமிழ் எழுத்து எது? ஒப்படைப்புக்காகக் கேட்கிறேன்." (உயர்நிலை 2 மாணவி, செங்காங்)

இரண்டைக் குறித்துக்கொள். இரண்டும் தாய்லாந்தில் கிடைத்தவை. ஒன்று, பூ காவ் தோங் என்ற இடத்தில் எடுத்த பானை ஓடு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அதில் தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ்ப் பிராமியில் மூன்றே எழுத்து, 'துறஓ'. 'துறவோன்' என்ற சொல்லின் தொடக்கம் என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார்.

இரண்டாவதுதான் என் மனசுக்கு நெருக்கமானது. கிராபி மாநிலத்தில் குவான் லுக் பட் என்ற இடத்தில் ஒரு சிறு கறுப்புக் கல். 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. அதில் 'பெரும்பதன் கல்' என்று எழுதியிருக்கிறது. பெரும்பதன் என்ற தட்டாரின் உரைகல் அது.

என் அப்பா தங்க வேலை பார்த்தவர். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் பட்டறை. கால் சங்கிலியோ மோதிரமோ கொண்டு வந்து கொடுத்தால், கல்லில் ஒரு இழுப்பு இழுப்பார். மஞ்சள் கோடு விழும். மாற்றுத் தெரிந்த தங்கத்தால் பக்கத்திலேயே இன்னொரு கோடு. இரண்டின் மேலும் திராவகம் ஒரு சொட்டு. கலப்படமான கோடு கண் முன்னாலேயே மங்கும். அந்தக் கல்லை அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. பெரும்பதனும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதற்குப் பெயரைப் பொறித்து வைக்கிறார்? உன் ஒப்படைப்பில் 'உரைகல்' என்ற சொல்லை விளக்கி எழுது.

"நியூசிலாந்தில் தமிழ் மணி கிடைத்ததாமே! தமிழர்கள்தான் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தார்களா?" (ஜூரோங் வெஸ்ட்)

மணி உண்மை. 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார், மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். பாத்திரம் இல்லை, விளிம்பு உடைந்த கப்பல் மணி. சுற்றிலும் தமிழில், முகையதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி என்று எழுதியிருக்கிறது. இப்போது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெயரைக் கவனியுங்கள். தமிழ் முஸ்லிம் கப்பல்காரர், மரைக்காயர் மரபில் வந்தவராக இருக்கலாம். மணி இருக்கிறது, மரக்கலம் எங்கே என்பதுதான் விடை தெரியாத பகுதி. ஆளில்லாமல் கப்பல் நீரோட்டத்தில் மிதந்து போயிருக்கலாம். வேறொரு கப்பல்காரன் கையில் மணி மாறிப் போயிருக்கலாம். 'கண்டுபிடித்தார்களா' என்பதற்கு இடமே இல்லை. மாவோரிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே வாழ்ந்தார்கள். முகையதீன் வக்குசுவைத் தேடுவோம், அதற்கே வேலை நிறைய இருக்கிறது.

"சிந்துவெளி எழுத்தை ஏஐ-யிடம் கொடுத்தால் ஒரே நாளில் படித்துவிடாதா? என் மகன் பந்தயம் கட்டுகிறான்." (பொங்கோல்)

பந்தயத்துக்கு நீங்கள் ஒத்துக்கொள்ளலாம். எழுத்துள்ள பொருள்கள் சில ஆயிரம் கிடைத்திருந்தும், ஒவ்வொன்றிலும் சராசரியாக ஐந்து குறிகள்தான். குறிகள் மொத்தம் நானூறு சொச்சம். ரொசெட்டாக் கல்லைப் போல, தெரிந்த மொழியோடு சேர்த்து எழுதிய ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அது எழுதிய மொழியே இல்லை, வெறும் சின்னங்கள் என்று 2004-ல் மூன்று அறிஞர்கள் வாதிட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. குறிகள் வரும் வரிசையில் ஓர் ஒழுங்கு இருப்பதை 1977-ல் மகாதேவன் தொகுத்த அட்டவணை தெளிவாகக் காட்டுகிறது. எந்திரம் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும். பொருளைச் சொல்ல அதற்கும் ஒரு பிடி வேண்டும்.

திராவிட மொழி என்று கொண்டால் சில இடங்களில் அழகாகப் பொருந்துகிறது. மீன் குறியை எடுத்துக்கொள்ளுங்கள்: தமிழில் மீன் தண்ணீரிலும் உண்டு, வானத்திலும் உண்டு. ஹெராஸ் பாதிரியாரும் பின்லாந்து அறிஞர் பர்போலாவும் பிடித்த நூல் இது. படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று தமிழ்நாட்டு முதல்வர் 2025 ஜனவரியில் அறிவித்திருக்கிறார். மகனிடம் சொல்லுங்கள்.

"கிளியோபாத்ராவின் கல்லறை கிடைத்துவிட்டதா?" (பிடோக்)

இல்லை. கி.மு. 30-ல் இறந்தார், அலெக்சாண்டிரியாவின் பழைய அரண்மனைப் பகுதியில் பெரும்பாகம் கடலுக்குள் போய்விட்டது. அங்கேயே கல்லறையும் மூழ்கியிருக்கலாம்.

எகிப்து என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். கி.மு. 1213-ல் இறந்த இரண்டாம் ராம்சேஸின் மம்மி மூக்கில் மிளகு வைத்திருந்தார்கள். செங்கடல் துறைமுகமான பெரனிகேயில், ஒரு கோயில் முற்றத்தில் புதைத்திருந்த இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. குசேர் அல்-காதிம் துறைமுகத்தில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ்ப் பிராமியில் 'பானை ஒறி' என்று இருக்கிறது. உறிதான்! ஆயாவும் பாட்டியும் தயிர்ப்பானை தொங்கவிட்ட உறி.

"குமரிக்கண்டம் இருந்ததா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்." (உட்லண்ட்ஸ்)

கண்டமாக, இல்லை. குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசும் மூழ்கிய கண்டத்துக்கு லெமூரியா என்ற பெயரை 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார் வைத்தார். கண்டத்தட்டுகள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அதற்குத் தேவையே இல்லாமல் போனது. ஆனால் 'பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள' என்று சிலப்பதிகாரம் சொல்வதை நான் தூக்கிப் போடமாட்டேன். கடைசிப் பனியுகத்தின் உச்சத்துக்குப் பிறகு கடல் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்திருக்கிறது. கரையோர நிலம் போயிருக்கிறது, ஊர்கள் போயிருக்கின்றன. கடல்கோளைப் பாட ஒரு கண்டமே மூழ்க வேண்டும் என்பதில்லை. சுனாமியைப் பார்த்த நமக்கு இது தெரியும்.

"நாராயண பிள்ளையின் புகைப்படம் எங்கே கிடைக்கும்? கோயில் மலருக்கு வேண்டும்." (சைனாடவுன்)

கிடைக்காது. புகைப்படம் எடுக்கும் கலை பரவுவதற்கு முந்திய ஆள் அவர். அவர் காலத்தில் வரைந்த படமும் இல்லை. 2019-ல் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் வைத்த சிலைகூடச் சிற்பியின் கற்பனைதான்.

தெரிந்தவை இவ்வளவு: 1819 மே மாதம் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்தார். செங்கல் சூளை போட்டார். துணிக் கடை வைத்து, அது தீயில் போய், கடனாளியாகி, மறுபடி எழுந்தார். 1827-ல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுப்பினார். இந்த ஊரின் முதல் செங்கற்களைச் சுட்டவர் அம்மனுக்கு ஓலைக் கூரைதான் போட முடிந்திருக்கிறது. அதன் பிறகு அவர் என்ன ஆனார், எங்கே இறந்தார் என்பது சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றின் பெரிய மர்மம்.

மலரில் அவர் முகத்துக்குப் பதிலாகக் கோயிலின் பழைய படம் ஒன்றைப் போடுங்கள். இதைப் படிப்பவர்கள் வீட்டில் பாட்டன், பூட்டன் காலத்துப் பத்திரமோ கணக்கு நோட்டோ கடிதமோ இருந்தால், தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பசை போட்டு ஒட்டவும் வேண்டாம். இந்திய மரபுடைமை நிலையத்துக்கோ தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ எடுத்துப் போய்க் காட்டுங்கள். அப்படிப்பட்ட ஏதாவது ஒரு கணக்கு நோட்டின் ஓரத்தில் பிள்ளையின் கையெழுத்து இருக்கக்கூடும்.