காற்று குஷன் போட்டும் தோல் சிவக்கிறதே, ஏன்?

கேள்வி: தண்டுவடத்தில் அடிபட்ட என் தம்பி வீல்சேரில்தான் இருக்கிறான். காற்றறைகள் உள்ள குஷன் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஒரு வாரமாக வலப்பக்கப் புட்டம் மட்டும் சிவக்கிறது. குஷன் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் குஷனைத் தொடுவதற்கு முன் தோலைப் பாருங்கள். அந்தப் பக்கம் எடை படாமல் 30 நிமிடம் படுக்க வையுங்கள். அதற்குப் பிறகும் சிவப்பு மறையவில்லை, விரலால் அழுத்தினால் வெளுக்கவும் இல்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. தோல் பழையபடி ஆகும்வரை அந்த இடத்தில் எடை படக்கூடாது, மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். கறுப்பான தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுவும் எச்சரிக்கைதான்.

இனி குஷன். காற்று நிறைய இருந்தால் மெத்தென்று இருக்கும் என்று பம்ப் அடித்துக்கொண்டே போகிறோம். நடப்பது நேர்மாறு. உடம்பு குஷனுக்குள் அமிழாமல் மேலேயே நிற்பதால் மொத்த எடையும் இரண்டு உட்காரும் எலும்புகளின் முனையில் இறங்குகிறது. காற்று குறைந்தால் எலும்பு அடியில் உள்ள சீட்டில் இடிக்கும். சரியான அளவைக் கைதான் சொல்லும்.

தம்பியை வழக்கமான உடையோடு, கால்கள் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கும்படி நிமிர்ந்து உட்கார வையுங்கள். மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை மேலே பார்க்க, குஷனுக்கும் புட்டத்துக்கும் நடுவே கையை நுழையுங்கள். தொடையைச் சற்றுத் தூக்கினால் கூரான எலும்பு விரலில் தட்டும். தொடையை இறக்கிவிட்டு விரல் நுனியை அசைத்துப் பாருங்கள். எலும்புக்கும் குஷனின் அடிப்பாகத்துக்கும் நடுவே அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை இருக்க வேண்டும். விரல் நுனி மட்டும் லேசாக அசையும். தாராளமாக அசைந்தால் வால்வைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடுங்கள், நசுங்கினால் காற்றடியுங்கள். இடப்பக்கமும் தனியாகப் பாருங்கள். தினமும் காலையில் இதைச் செய்ய வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் சிவப்பதால் எனக்குச் சந்தேகம் இடுப்புச் சாய்வின் மேல்தான். வீல்சேரின் துணி சீட் தொய்ந்திருக்கிறதா? இரண்டு ஃபுட்ரெஸ்ட்டும் ஒரே உயரமா? வலப்பக்கப் பின்பாக்கெட்டில் பர்ஸ், மொபைல், ஜீன்ஸின் தடித்த தையல் ஏதாவது உண்டா? ஃபுட்ரெஸ்ட் ரொம்ப உயரமாக இருந்தால் முழங்கால் தூக்கிக்கொண்டு, தொடை தாங்க வேண்டிய எடையும் புட்டத்துக்கே போய்ச்சேரும். குஷன் மேல் துண்டோ பிளாஸ்டிக் ஷீட்டோ விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது இறுகி நின்று உடம்பை அமிழவிடாது.

நேற்று சரிசெய்த காற்று இன்று குறைந்திருந்தால் உறையைக் கழற்றி, வால்வை மூடி, குஷனைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில்தான் ஓட்டை. ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் மேலே போனதும் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை கை வைத்துப் பார்க்க வேண்டும். உயரத்தில் காற்று விரியும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் நடுவில் ஓட்டையுள்ள வளையத்தை மாற்றாக வாங்கிவிடாதீர்கள். விளிம்பு அழுத்தி, நடுவே உள்ள தோலுக்கு ரத்தம் போவதைக் குறைத்துவிடும்.

குஷன் சரியாகவே இருந்தாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, மார்பு தொடையில் படுமளவு முன்னால் குனிந்து, இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். அப்போதும் கையை அடியில் வைத்துப் பாருங்கள். எலும்பு விரலை விட்டு விலகவில்லை என்றால் குனிந்தது போதாது.